வெண்புள்ளிகள் ஒன்று, நோய்கள் வேறு: மூளைப் படங்கள் காட்டும் வேறுபாடு

ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்குகிறது. சில மாதங்கள் கழித்துக் கால்கள் மரத்துப் போகின்றன. இத்தகைய அறிகுறிகளுடன் வருபவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவி மூலம் படம் பிடித்தால், அதில் சில வெண்புள்ளிகள் தென்படலாம். அவை எந்த நோயின் தடயங்கள் என்பதில் தவறு நேர்ந்தால், கொடுக்கப்படும் மருந்தே நோயாளியின் நிலையை மோசமாக்கிவிடும் ஆபத்து உண்டு.

இவ்வாறான புள்ளிகளைக் கண்டதும் மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மையலின் உறையைத் தாக்குவதால் ஏற்படும் நோய் இது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயைப் பிரெஞ்சு மருத்துவர் யூஜின் டெவிக் 1894ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். ஆயினும் அது எம்.எஸ். நோயின் ஒரு கிளை என்றே நெடுங்காலம் பலராலும் கருதப்பட்டது. இத்தகைய நோயாளிகள் பலர் காணப்பட்ட ஜப்பானில்கூட, 'பார்வை-தண்டுவட எம்.எஸ்.' என்ற பெயரே வழங்கிவந்தது. வகைப்பாடு என்பது வெறும் பெயர் விவகாரமல்ல என்பதை அரசறிவியல் படித்தவர்கள் அறிவார்கள். இங்கும் அது அவ்வாறே ஆனது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வண்டா லெனன் தலைமையிலான குழு, ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து, 2004ல் இந்நோயாளிகளின் இரத்தத்தில் தனித்துவமான எதிர்ப்புரதம் ஒன்றைக் கண்டறிந்தது. அது குறிவைப்பது மையலினை அல்ல, அக்வாபோரின்-4 எனப்படும் நீர்வழிப் புரதத்தை என்பது 2005ல் தெரியவந்தது. அதாவது இது வேறொரு நோய். எம்.எஸ். நோயாளிகளுக்குப் பயன்படும் இன்டர்ஃபெரான் பீட்டா, நடாலிசுமாப், ஃபிங்கோலிமாட் ஆகிய மருந்துகளைப் பெற்ற பின்னர் இந்நோய் தீவிரமடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

சரி, படத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியுமா? பெருமளவு முடியும் என்பதே பதில்.

எம்.எஸ். நோயில் புள்ளிகள் பெரும்பாலும் நீள்வட்டமானவை. மூளையின் நடுவிலுள்ள திரவ அறைகளின் சுவரிலிருந்து விரல்கள் போல் செங்குத்தாக நீள்பவை. எடின்பரோவில் 1916ல் அவற்றை விவரித்த ஜேம்ஸ் டாசனின் பெயராலேயே 'டாசன் விரல்கள்' என்று அவை அழைக்கப்படுகின்றன. சிறப்பு முறையில் எடுக்கப்படும் படங்களில், பல புள்ளிகளின் நடுவே சிறு இரத்தநாளம் ஒன்று ஓடுவதையும் காணலாம். தண்டுவடத்தில் இந்நோயின் பாதிப்பு பொதுவாகக் குறுகியதாக, ஓரமாக இருக்கும்.

நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவிலோ, தண்டுவடத்தின் மையப்பகுதியில் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கும் மேலாக வீக்கம் பரவியிருப்பது வழக்கம். மூளையில், மூளைத்தண்டின் பின்புறமுள்ள வாந்தி மையம் அடிக்கடி பாதிக்கப்படுகிறது. இதனால் சிலருக்கு நோயின் முதல் அடையாளமே நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்தான். வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வேறு மருத்துவரிடம் போய்விடுவது இயல்பே.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மையலின் உறையின் மேற்பரப்பிலுள்ள மாக் என்ற புரதத்துக்கு எதிரான நோய் அது. குழந்தைகளிடமும் கணிசமாகக் காணப்படுகிறது. இதில் புள்ளிகள் பஞ்சுபோல, விளிம்பு தெளிவற்றுத் தோன்றும். பின்னர் எடுக்கும் படத்தில் அவை முற்றாக மறைந்தும் போகலாம். எம்.எஸ். தழும்புகள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. ஆகவே, ஒரே ஒரு படத்தைவிட, கால இடைவெளி விட்டு எடுத்த இரு படங்கள் அதிகம் சொல்லும்.

ஆனால் விதிவிலக்குகள் இல்லாமலில்லை. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா மூளையைத் தொடாது என்ற பழைய நம்பிக்கையை மேயோ கிளினிக்கின் 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று தகர்த்தது. அதில் இடம்பெற்ற 60 பேரில் 36 பேருக்கு மூளையில் மாற்றங்கள் இருந்தன. ஆறு பேரின் படங்கள் எம்.எஸ். போலவே காட்சியளித்தன. இத்தகையவர்களுக்கு இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. அதே பரிசோதனையில் எதிர்ப்புரதம் தென்படாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால், 2015ல் வெளியான சர்வதேச நெறிமுறை அவர்களுக்குக் கூடுதலான எம்.ஆர்.ஐ. சான்றுகளைக் கோருகிறது.

எம்.எஸ். நோயைக் கண்டறிவதற்கான மெக்டொனால்ட் நெறிமுறையின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், புள்ளிகளின் நடுவே ஓடும் இரத்தநாளத்தையும் சான்றாக ஏற்றுக்கொள்கிறது. எனினும் அதைக் காட்டும் சிறப்புப் படமுறை எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகப் பயன்படுத்தப்படுவதில்லை.