காலி ஸீட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, பையைப் பக்கத்து ஸீட்டில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்புகிறீர்கள். தெருமுனை திரும்புவதற்குள் 'டிங், டிங், டிங்' என்று ஒரே கூக்குரல்! "பெல்ட் போட்டுக் கொள்" என்று கார் உத்தரவிடுகிறது. யாருக்கு? நீங்கள்தான் போட்டுக் கொண்டிருக்கிறீர்களே! உத்தரவு பக்கத்தில் சாவதானமாகச் சாய்ந்திருக்கும் பூசணிக்காய்க்கு!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பையை இறக்கிய பிறகும் காலி ஸீட்டைப் பார்த்துக் கார் கத்திக் கொண்டே இருந்தால்? அல்லது ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருக்கும்போது வாயே திறக்காமல் இருந்தால்? அது சிரிக்கிற விஷயம் அல்ல, சகோதரிகளே.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், புதிதாகத் தயாராகும் கார்களில் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பெல்ட்டை நினைவூட்டும் மணி இருந்தாக வேண்டும். பக்கத்து ஸீட்டில் ஆள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? மெத்தைக்குள் மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது. பாரம் அழுத்தினால் அதிலுள்ள மின்சாரத் தொடர்பு மாறும்; ஆள் வந்தாயிற்று என்று கார் தீர்மானித்துவிடும். இதுதான் ஸென்ஸார். பூசணிக்காய்க்கும் பாட்டிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, பாவம்!

இதைவிடக் கெட்டிக்கார ஸென்ஸாரும் உண்டு. அது உட்கார்ந்திருப்பவரின் எடையையே பார்க்கும். விபத்தின்போது முன்னால் விரியும் காற்றுப் பை, அதாவது ஏர்பேக், கண் இமைக்கும் நேரத்துக்குள் புடைத்து எழும். பெரியவர்களைக் காப்பாற்றும் அந்த வேகமே சிறு குழந்தைகளுக்கு எமனாகிவிடும். 1990-களில் அமெரிக்காவில் முன் ஸீட்டில் இருந்த பல குழந்தைகள் இப்படி உயிரிழந்தார்கள். அதனால் 2000-ல் அங்கே விதியைத் திருத்தினார்கள். 2003 முதல் படிப்படியாக, எடையறிந்து ஏர்பேக்கை அடக்கி வைக்கும் ஸென்ஸார்கள் வந்தன. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெறும் பெல்ட் மணிதான். உங்கள் கார் எந்த வகை என்பதை அதனுடன் தந்த புத்தகத்தைப் புரட்டித் தெரிந்து கொள்ளுங்கள்.

எடை பார்க்கும் ஸென்ஸார் கெட்டுப் போனால் என்ன ஆகும்? பெரியவர் இருக்கும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். குழந்தை இருக்கும்போது விரிந்துவிடலாம். இரண்டும் ஆபத்து.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் கருவி எதுவும் வேண்டாம்; கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் விளக்கைப் பாருங்கள். வண்டியைக் கிளப்பும்போது, மனித உருவத்தின் முன்னால் பந்து போன்ற படம் உள்ள விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் சரி, எரியவே இல்லை என்றாலும் சரி, கோளாறு உண்டு. அந்த நிலையில் ஓட்டுகிறவரின் ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டாவது, ஸீட்டைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். கைப்பை, மேலே போட்ட மணி விரிப்பு, திண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸீட்டுக்கு அடியில் திணித்த குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு, இவையும் கீழிருந்து முட்டிக் கொண்டிருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகு சத்தம் நின்றால், ஸென்ஸார் மேல் பழி இல்லை.

மூன்றாவது, பெரியவர் ஒருவரை நிமிர்ந்து, முதுகு சாய உட்காரச் சொல்லுங்கள். ஓரமாகத் தொற்றிக் கொண்டு உட்கார்ந்தால் ஸென்ஸார் ஏமாந்து போகும். வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஸீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நகர்த்தும்போது விளக்கு மாறி மாறி எரிந்தால், அடியில் உள்ள ஒயரோ அதன் இணைப்போ தளர்ந்திருக்கலாம். மெக்கானிக்குக் கொடுக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது.

நான்காவது, சமீபத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பால் கொட்டியதா? குழந்தை ஸீட்டில் நின்று குதித்தானா? பின்னால் இருப்பதை எடுக்க யாராவது முழங்காலை ஊன்றினார்களா? புது உறை தைத்தீர்களா? எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக் கொள்ளுங்கள்.

இத்துடன் நம் வேலை முடிந்தது. ஸீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயரைக் கண்டால் தொடவே வேண்டாம். ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கும் போகும் பாதை அது. அங்கே வெடிக்கும் மருந்து இருக்கிறது. விவரம் தெரிந்த மெக்கானிக் பாட்டரி இணைப்பைக் கழற்றி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்த பிறகே கை வைப்பார்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. "ஸ்கானரில் ஏர்பேக் பகுதியில் என்ன கோட் வந்தது?" எஞ்சினை மட்டும் பார்க்கும் சாதாரணக் கருவிக்கு இது தெரியாது. "விரிப்பை மாற்றச் சொல்லுமுன் இணைப்பைச் சோதித்தீர்களா?" தளர்ந்த இணைப்பைச் சரிசெய்யச் செலவு சொற்பம், விரிப்பை மாற்றினால் பர்ஸ் இளைக்கும். எடை பார்க்கும் வகையானால், "வேலை முடிந்ததும் காலி ஸீட்டைப் பூஜ்யமாக்கிக் காட்டினீர்களா?" தராசுக்குச் செய்வது போலத்தான் இதுவும். கோட்டை அழித்துவிட்டு, "சரியாகிவிட்டது, அம்மா" என்று சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு உள்ளே இருந்தால் விளக்கு மறுபடி எரியும்.

சத்தத்தை அடக்க ஒரு குறுக்கு வழி உண்டு: பெல்ட் மாட்டும் இடத்தில் செருகி வைக்கும் போலிக் கொக்கி. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐந்து இணைய வியாபாரத் தளங்களிலிருந்து இவற்றை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. பாலைக் குடிக்கிறது என்று பூனையை விரட்டலாம். திருடன் வந்தால் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டலாமா?

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஸென்ஸார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு முன் ஸீட்டில் உட்காராதீர்கள். உங்களுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே குழந்தைதான் இருக்கும். அதன் இடம் பின் ஸீட். அங்கே அதன் வயதுக்கேற்ற குழந்தை ஸீட்டில், பெல்ட்டுடன். அதற்கு எந்த மெக்கானிக்கையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்துவிடலாம்.