பெங்களூரு குளிரும் வறளும் தோலும்

பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே திருவிழா முடிந்த கையோடு பெங்களூருவில் குளிர் இறங்கிவிடுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடக்கும்; சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கும். அதே நாட்களில்தான் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, உதடு வெடிக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகிறது. எல்லாப் பழியும் குளிர்மேல் விழுகிறது. உண்மையில் குளிர் பாதிக் காரணம்தான். மீதி குளியலறைக்குள் இருக்கிறது.

குளிரைவிட வறட்சி

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1884 ஜனவரியில். இன்றைய டிசம்பர், ஜனவரி இரவுகள் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. தோலை உறையவைக்கும் குளிர் அல்ல இது. ஆனால் சென்னைக்குக் கடல் தரும் ஈரக்காற்று இங்கே கிடையாது. பிற்பகலில் காற்று உலர்ந்துபோகிறது.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. தட்டையான இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வறண்ட காற்றோடு போய்விடும். கெண்டைக்காலின் முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு என்பதால் முதலில் பூப்பது அந்த இடம். வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் வீட்டுப் பெரியவர்கள்தான் அதிகம் சொறிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சங்கராந்தி தாண்டிக் குளிர் விலகினாலும் வறட்சி விலகுவதில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் இன்னும் உலர்ந்த மாதங்கள். ஸ்வெட்டரை மடித்து வைக்கும் நாளிலேயே கிரீமையும் எடுத்து வைத்துவிடக் கூடாது.

கீசரும் சோப்பும்

குளிர்காலக் காலையில் ஆவி பறக்கும் வெந்நீரை விட்டு வெளியே வர யாருக்கும் மனம் வராது. அந்தச் சூடுதான் தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், இது போதும்.

அடுத்தது சோப்பு. தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. சாதாரண சோப்போ 9 முதல் 10 வரை போகும் காரம். போர்வெல் நீரையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கும் பகுதிகளில் நீரின் கடினத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு கலந்து, எவ்வளவு அலசினாலும் போகாத படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்கின்றன.

மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரசே சோப்புத் தொழிற்சாலை தொடங்கிய நகரம் இது. மைசூர் சாண்டல் இன்றும் இங்குதான் தயாராகிறது. சோப்பின் தரத்தை உறையில் அச்சிட்டிருக்கும் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) அளவை வைத்து மதிப்பிடலாம். முதல் தரம் என்றால் குறைந்தது 76 சதவீதம். ஆனால் தரமான சோப்பும் காரம்தான். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்புப் போட்டு, கைகால்களை வெறும் நீரில் கழுவினாலே வறட்சி கணிசமாகக் குறையும்.

ஈரம் காய்வதற்குள்

துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், எண்ணெயோ கிரீமோ பூச வேண்டும். காய்ந்தபின் பூசினால் பூட்டிவைக்க ஈரம் இருக்காது.

விலை உயர்ந்த புட்டி தேவையே இல்லை. 2004-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலுக்கு இணையாகப் பலன் தந்தது. ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை பெற்ற வாசலின், நீரிழப்பைத் தடுப்பதில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பித்தவெடிப்புக்கு இரவில் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, யூரியா கலந்த கிரீமோ வாசலினோ தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கலாம். வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்குக் கையுறை வாங்கித் தருவது வேலை கொடுப்பவர்களின் கடமை. விடிகாலையில் பைக் ஓட்டும் டெலிவரி ஊழியர்கள் உதட்டை நாக்கால் நனைக்கக் கூடாது. எச்சில் காயக் காய வெடிப்பு கூடும்.

மருந்துக்கடை டியூப்

அரிப்பு தாங்காமல் பலரும் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்குகிறார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், முகத்தில் ரத்தக் குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும். படர்தாமரையில் பூசினால் அதன் உருவமே மாறி, இன்னும் பரவும். தோல் மருத்துவர்கள் நெடுநாள் வலியுறுத்திய பிறகு, 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை செய்தது. சீட்டு இல்லாமல் நீட்டினால் வாங்காதீர்கள்.

எல்லா அரிப்பும் வறட்சி அல்ல. இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் சிறு கொப்புளங்கள் தெரிந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். கிரீம் பூசியும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் விக்டோரியா, பௌரிங் போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காட்டலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் இரவில் இரண்டு குதிகாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.