தோளில் தூக்கிப் போகும் வீடு!

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் உண்டு. வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு! யார் அவர்கள்? தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை போட வருகிறவர்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடியும். அதன் பிறகு உளுந்தும் பயறும் வீடு வந்து சேரும். வயல் காலியாகும். அந்தச் சமயத்தில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் இருந்து செம்மறி ஆட்டு மந்தைகள் வந்து இறங்கும். அங்கே கோடையில் புல் கருகிவிடும். இங்கே அறுத்த தாளும் வரப்புப் புல்லும் கிடைக்கும். பல மந்தைகள் சேர்ந்தால் ஒரு கிடை. அதற்குத் தலைவர், கீதாரி.

பகலில் மேய்ச்சல். இரவில் ஒரு வயலில் ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் சிறுநீரும் நேராக மண்ணுக்குப் போகும். வண்டிக்கூலி இல்லை. அள்ளிக் கொட்டும் வேலையும் இல்லை! "ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம்" என்பது பழமொழி. ஆட்டு எரு சீக்கிரம் பயிருக்குச் சேரும் என்பது இதன் பொருள். இதற்காக வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். பிறகு கிடை அடுத்த வயலுக்கு மாறும்.

இப்படி வயல் வயலாக மாறுகிறவர்களுக்கு மண் சுவர் எதற்கு? அவர்களுக்கு ஓலைக் கூடுதான் வீடு.

கூடு கட்டுவது எப்படி?

பச்சை மூங்கிலைப் பிளந்து வில் போல வளைக்க வேண்டும். காய்ந்த மூங்கில் வளையாது; முறிந்துவிடும். வளைத்த வில்களை வரிசையாக நிறுத்த வேண்டும். குறுக்கே நீளக் குச்சிகளை வைத்து, நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆணி தேவை இல்லை. நார்க்கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் கூட்டைத் தூக்கும்போது மூட்டு விட்டுப்போகாது.

பிறகு பனை ஓலை வேய வேண்டும். கீழ் வரிசையில் தொடங்கி மேலே போக வேண்டும். மேல் ஓலை கீழ் ஓலையை மூட வேண்டும். வீட்டுக்கு ஓடு அடுக்குவதும் இப்படித்தான். மழை நீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். முதுகு வளைந்து இருப்பதால் காற்றும் வழுக்கிக்கொண்டு போகும்.

குட்டிகளுக்கு அடைக்கலம்

பிறந்த குட்டியால் மந்தையோடு நடக்க முடியாது. பகலில் அதைக் கூட்டில் அடைத்துவிட்டுத் தாய் ஆடு மேயப் போகும். நாயும் நரியும் நெருங்காமல் ஒருவர் காவல் இருப்பார். மாலையில் தாய் திரும்பும். குரலாலும் வாசனையாலும் தன் குட்டியைக் கண்டுபிடித்துவிடும்!

சித்திரையில் திடீர் என்று இடியும் மழையும் வரும். நனைந்த குட்டி, காற்றில் விறைத்துச் செத்துப்போகும். ஆகையால் கூட்டை மேடான இடத்தில் வைக்க வேண்டும். வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். எடை குறைவு என்பதால் பெருங்காற்று கூட்டையே தூக்கிவிடும். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுவது அவசியம். தனி மரத்தின் அடியில் மட்டும் வைக்கக் கூடாது. இடி விழும் ஆபத்து உண்டு.

உறைந்த ஏரியிலும் குடில்!

கனடா நாட்டிலும் இப்படி நகரும் குடில் உண்டு. குளிர்காலத்தில் அங்கே ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விடுவார்கள். குளிர் தாங்க, இழுத்துச் செல்லும் சிறு குடிலுக்குள் உட்காருவார்கள். ஒரு மனிதன் நடக்கவே பனிக்கட்டி சுமார் 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். குடில் கனத்தால் ஆளோடு ஏரிக்குள் போக வேண்டியதுதான்! உள்ளே அடுப்பு எரித்தால் நச்சுக்காற்று சேரும். அதனால் காற்றுப் போக வழி வைப்பார்கள்.

இன்று கிடைக்காரர்கள் பலர் தார்ப்பாய் கட்டுகிறார்கள். அது மழைக்கு நல்லது. ஆனால் வெயிலில் கொதிக்கும். ஓலை குளிர்ச்சி. பழைய ஓலை மக்கினால் அதுவும் எருதான்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. குறுவைக்கு அதைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். தண்ணீர் வரும் முன்பே கூடு கிளம்பிவிடும். கிடை போட்ட வயல் எது என்று பிறகு யாரும் சொல்ல வேண்டியது இல்லை. பயிரின் கரும்பச்சையே சொல்லிவிடும்!