26 எழுத்து 13 ஆன கதை: சி மொழியில் சுருக்கப் புரோகிராம்கள்

ஒரு வருடம் லீப் வருடமா, இல்லையா? இதனைக் கம்ப்யூட்டர் கண்டறிய எத்தனை எழுத்துகளில் கட்டளை எழுத வேண்டும்? பாடப் புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் 26 எழுத்துகள் ஆகும். கொஞ்சம் யோசித்து எழுதினால் 13 போதும். அவசரப்பட்டுச் சுருக்கினால் 3 எழுத்துகளிலும் முடித்துவிடலாம். இந்த மூன்றில் எதனை வைத்துக் கொள்ளலாம், எதனை ஒதுக்கிட வேண்டும் என்பதனை இங்கு பார்ப்போம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "புரோகிராம் எழுதுவது நமக்கு எதற்கு?" என்று எண்ணலாம். குறுக்கெழுத்துப் போட்டி போல இதுவும் ஒரு மூளை விளையாட்டு. பேனாவும் பேப்பரும் இருந்தாலே ஆடலாம். ஆடும்போதே, கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதும் புரிந்துவிடும்.

விளையாட்டின் பெயர்

இந்த விளையாட்டினைக் கோட் கோல்ஃப் என்று அழைக்கின்றனர். கோல்ஃப் ஆட்டத்தில் மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுபவரே வெற்றி பெறுவார். இங்கும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே கணக்கு தரப்படும். சரியான விடை தரும் புரோகிராமை மிகக் குறைந்த எழுத்துகளில் எழுதியவர் வெற்றி பெறுவார். எண், குறியீடு, காலி இடம் என ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். 1990களின் இறுதியில் பெர்ல் என்னும் மொழியில் புரோகிராம் எழுதியவர்களிடையே இந்தப் பெயர் பரவியது. இன்று ஏறத்தாழ எல்லா கம்ப்யூட்டர் மொழிகளிலும் இதனை ஆடுகிறார்கள்.

சி மொழி இதற்கு மிகவும் பொருத்தமானது. காரணம், அது பிறந்த சூழ்நிலையே சிக்கனமானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். இதற்கு முன்னோடி கென் தாம்சன் உருவாக்கிய பி என்னும் மொழி. தாம்சன் யூனிக்ஸ் பணியைத் தொடங்கிய பிடிபி-7 கம்ப்யூட்டரின் மெமரி, இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட் மட்டுமே. இன்று மொபைல் போனில் எடுக்கும் ஒரு போட்டோ கூட அதில் அடங்காது. ஓர் எண்ணுடன் 1 கூட்டுவதற்கு ++ என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியவர் தாம்சன்தான். நீளமாக எழுதுவதைவிட, இப்படி எழுதினால் கம்ப்யூட்டருக்கான கட்டளைகள் குறைவதை அவர் கவனித்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

26-லிருந்து 13-க்கு

இப்போது நம் கணக்கிற்கு வருவோம். வருடத்திற்கு "வ" என்று பெயர் வைத்துக் கொள்வோம். கம்ப்யூட்டரில் டைப் செய்திடும்போது இதற்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்தினைப் பயன்படுத்தவும்.

முதலில் குறியீடுகளைத் தெரிந்து கொள்வோம். % என்பது வகுத்த பின் கிடைக்கும் மீதி. == என்றால் சமம், != என்றால் சமம் இல்லை. && என்றால் "மேலும்", || என்றால் "அல்லது".

லீப் வருடத்திற்கான விதி நமக்குத் தெரியும். 4-ஆல் வகுபட வேண்டும். ஆனால் 100-ஆல் வகுபடக் கூடாது. 400-ஆல் வகுபட்டால் அது லீப் வருடமே. இதனை அப்படியே எழுதினால்:

வ%4==0&&வ%100!=0||வ%400==0

இதில் 26 எழுத்துகள் உள்ளன.

முதல் சுருக்கம்: சி மொழியில் 0 என்றால் "இல்லை". வேறு எந்த எண்ணாக இருந்தாலும் "ஆம்". எனவே மீதி 0-வா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கேள்வியைத் திருப்பி, "இது லீப் அல்லாத வருடமா?" என்று கேட்போம். ! என்ற குறியீடு விடையைத் தலைகீழாக மாற்றும்.

வ%4||!(வ%100)&&வ%400

இப்போது 20 எழுத்துகள்.

இரண்டாவது சுருக்கம்: 100 என்பது 4×25. முதல் சோதனையிலேயே 4-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்துவிட்டோம். எனவே அடுத்த சோதனைக்கு 25 போதும். அதே போல 400 என்பது 25×16. 25-ஆல் வகுபடும் என்று தெரிந்த பின்னர் 16-ஆல் சோதித்தால் போதும்.

வ%4||!(வ%25)&&வ%16

இது 18 எழுத்துகள்.

மூன்றாவது சுருக்கம்: சி மொழியில் ? மற்றும் : ஆகிய இரண்டும் சேர்ந்து, "ஆம் என்றால் இது, இல்லை என்றால் அது" எனத் தேர்ந்தெடுக்கும். வருடத்தை 25-ஆல் வகுக்கும்போது மீதி இருந்தால் 4-ஆல் சோதிக்க வேண்டும். மீதி இல்லை என்றால் 16-ஆல் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வ%(வ%25?4:16)

இது 13 எழுத்துகள். சரிபாதி! விடை 0 வந்தால் லீப் வருடம்.

சரிபார்த்துவிடுவோம். 1900 என்பது 25-ஆல் வகுபடும். 16-ஆல் வகுத்தால் மீதி 12. எனவே லீப் வருடம் இல்லை. 2000-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 0. எனவே லீப் வருடம். 2024-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 24, எனவே 4-ஆல் சோதிக்கிறோம், மீதி 0. லீப் வருடம். எல்லாம் சரியாக உள்ளன.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உள்ளது. பாதி எழுத்துகள் போன பின்னரும் விடையில் எந்தத் தவறும் வரவில்லை. கணக்கினை ஆழமாகப் புரிந்து கொண்டதால் கிடைத்த சுருக்கம் இது.

சி மொழி தரும் இலவசங்கள்

சி மொழியில் ஆடுபவர்கள் வேறு சில தந்திரங்களையும் பயன்படுத்துகின்றனர்.

1. ஒவ்வொரு சி புரோகிராமும் மெயின் என்ற பகுதியிலிருந்து தொடங்கும். இதற்கு முதலில் தரப்படும் எண், புரோகிராமை இயக்க நாம் டைப் செய்த சொற்களின் எண்ணிக்கை. பெயரை மட்டும் டைப் செய்தால் அது 1. எனவே 1-லிருந்து எண்ணத் தொடங்க, தனியாக 1 என்று எழுத வேண்டியதில்லை.

2. எல்லாப் பகுதிகளுக்கும் வெளியே அறிவிக்கப்படும் மாறிகளின் தொடக்க மதிப்பு தானாகவே 0 ஆக இருக்கும். இது மொழியே தரும் உறுதி. பகுதிக்குள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிகளுக்கு இந்த உறுதி இல்லை. அவற்றில் என்ன எண் இருக்கும் என்று சொல்ல முடியாது.

3. எழுத்துகளும் உள்ளே எண்கள்தான். அடுத்த வரிக்குச் செல்லும் குறியீட்டினை மேற்கோள் குறிகளுடன் எழுதினால் 4 எழுத்துகள் தேவை. அதன் ஆஸ்கி எண்ணான 10 என்று எழுதினால் 2 போதும்.

4. பழைய சி மொழியில், வகை குறிப்பிடாத ஒன்றை முழு எண் என்றே கம்பைலர் எடுத்துக் கொள்ளும். எனவே வகைப் பெயரையும், நூலகக் கோப்பினைச் சேர்க்கும் முதல் வரியையும் விட்டுவிடுவார்கள்.

இந்த நான்காவது தந்திரத்தில் கவனம் தேவை. 1999-ல் வந்த சி தரத்திலேயே இந்தச் சலுகை நீக்கப்பட்டது. ஆனாலும் கம்பைலர்கள் வெறும் எச்சரிக்கை தந்து விட்டுவிட்டன. 2024-ல் வெளியான ஜிசிசி 14, இதனைப் பிழை என்று கூறி நிறுத்திவிடுகிறது. பழைய புத்தகத்தில் உள்ள புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கவில்லை என்றால், இது ஒரு காரணமாக இருக்கலாம். 1989-ஆம் ஆண்டின் தரத்தினைப் பின்பற்றும்படி கம்பைலருக்குச் சொல்லும் வசதி உண்டு. விளையாட்டிற்கு அதனைப் பயன்படுத்தலாம்.

3 எழுத்து செய்த வேலை

இனி அந்த 3 எழுத்துச் சுருக்கத்தைப் பார்ப்போம்.

வ%4

அவ்வளவுதான். 1901 முதல் 2099 வரை இது சரியான விடையே தரும். 1900-க்கும் 2100-க்கும் தவறான விடை தரும். "நமக்கு அது போதாதா?" என்று கேட்கலாம். 1983-ல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராமும் 1900-ஐ லீப் வருடமாகவே எடுத்துக் கொண்டது. லீப் வருடக் கணக்கு இதனால் எளிதானது. பின்னர் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளுடன் ஒத்துப் போக வேண்டும் என்பதற்காக அதே தவறினைத் தெரிந்தே ஏற்றுக் கொண்டது.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் இதனை நீங்களே பார்க்கலாம். ஒரு செல்லில் 60 என்று டைப் செய்திடவும். பின் அந்த செல்லின் வடிவத்தைத் தேதி என மாற்றவும். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வரவே இல்லை! இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தத் தவறினை நீக்க முடியவில்லை. நீக்கினால், ஏற்கெனவே உள்ள கோப்புகளில் தேதிகள் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும்.

இதைவிட ஆபத்தான சிக்கனமும் உண்டு. கீபோர்டிலிருந்து ஒரு வரியைப் பெற்றுக் கொள்ள, சி மொழியில் கெட்ஸ் என்ற கட்டளை இருந்தது. இதனை எழுத 7 எழுத்துகள் போதும். இதே வேலையை எஃப்கெட்ஸ் என்ற கட்டளையில், "80 எழுத்துகளுக்கு மேல் வாங்காதே" என்பது போல அளவும் குறித்து எழுதினால் 17 எழுத்துகள் ஆகும். மிச்சம் 10 எழுத்துகள். ஆனால் கெட்ஸ் எந்த அளவும் பார்க்காது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் பத்து லிட்டர் பால் ஊற்றினாலும் ஊற்றிக் கொண்டே இருக்கும். வழியும் தகவல்கள், மெமரியில் அடுத்து உள்ளவற்றை அழித்து அங்கு அமர்ந்துவிடும்.

1988 நவம்பர் 2-ல் அமெரிக்காவில் பரவிய மோரிஸ் வார்ம், இந்த ஓட்டையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபிங்கர் என்ற சேவை, கெட்ஸ் மூலம் தகவலைப் பெற்றது. அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் 512 பைட்டுகள். அதைவிட நீளமான வரியினை அனுப்பி, தன் கட்டளைகளை அந்த வார்ம் உள்ளே நுழைத்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. 2011-ல் வந்த சி தரத்திலிருந்து கெட்ஸ் முழுமையாக நீக்கப்பட்டது.

ஒரு சந்தேகம்

"புரோகிராமைச் சுருக்கி எழுதினால் கம்ப்யூட்டர் வேகமாக இயங்குமா?" என்று பலர் கேட்பார்கள். அப்படி இல்லை. நாம் எழுதுவதை கம்பைலர் மெஷின் மொழிக்கு மாற்றும்போது காலி இடங்களும் விளக்கக் குறிப்புகளும் கணக்கில் வருவதில்லை. ஒரு மாறிக்கு "வ" என்று பெயர் வைத்தாலும், "வருடம்" என்று வைத்தாலும் கிடைக்கும் மெஷின் கட்டளைகள் ஒன்றுதான். எனவே பயன்பாட்டிற்கான புரோகிராம்களில் நீளமான, புரியும் பெயர்களையே வைத்திடவும். ஆறு மாதம் கழித்து அதனைப் படிக்கப் போவது நீங்கள்தான்.

நீங்களும் முயற்சிக்கலாம்

சுருக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள்: நாம் நீக்கியது தேவையற்ற சுமையா, அல்லது பாதுகாப்பா? 100-ஐ 25 ஆக்கியது சுமையைக் குறைத்தது. அதனைத் தாராளமாக வைத்துக் கொள்ளலாம். எழுத்தின் அளவைப் பார்க்காமல் விட்டது பாதுகாப்பினை நீக்கியது. அது விளையாட்டோடு நிற்கட்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ரயில்வே அட்டவணையில் உள்ள 24 மணி நேரத்தை, கடிகாரத்தில் உள்ள 12 மணி நேரமாக மாற்ற வேண்டும். 0 என்றால் 12, 13 என்றால் 1. மணிக்கு "ம" எனப் பெயர் வைத்தால்:

ம%12?ம%12:12

இதில் 12 எழுத்துகள் உள்ளன. ?, : இரண்டும் இல்லாமல் 11 எழுத்துகளில் எழுத முடியும். முதலில் 11-ஐக் கூட்டிப் பாருங்கள், வழி தெரியும். 0, 12, 13, 23 ஆகிய நான்கு எண்களையும் போட்டுச் சரிபார்த்த பின்னரே வெற்றி என்று சொல்லிக் கொள்ளவும்.