சிங்கமீன் செய்த குற்றம் யாது?

கொழும்பிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தபோது, முன்கூடத்திலே கடல்நீர்த் தொட்டி ஒன்றைக் கண்டோம். நான்கடி நீளமான கண்ணாடித் தொட்டி. உள்ளே முருகைக்கற்கள். அவற்றினிடையே வெள்ளைப் பட்டையணிந்த கோமாளி மீன்கள் நான்கு, நீல நிறச் சிறுமீன்கள் ஆறு, செந்நிற இறால் ஒன்று. இவற்றின் நடுவே, விசிறிபோல் விரிந்த செட்டைகளோடு, அரசன் உலா வருவதுபோல் அசைந்துகொண்டிருந்தது மூன்றங்குலச் சிங்கமீன் ஒன்று. அதன் அழகில் நாமும் சிறிதுநேரம் மெய்ம்மறந்து நின்றோம்.

ஓராண்டு கழித்து மீண்டும் அங்குச் சென்றோம். தொட்டியிற் சிங்கமீன் மாத்திரமே இருந்தது. அது எட்டங்குலமாய் வளர்ந்திருந்தது. நண்பரின் பத்து வயது மகன் எம் கையைப் பற்றி இழுத்துச் சென்று அதனைக் காட்டினான்.

“மாமா, இது கெட்ட மீன். எல்லாத்தையும் திண்டுபோட்டுது. அப்பா இதைக் கடலிலை கொண்டுபோய் விடப்போறார்.”

சிறுவன் தீர்ப்பே கூறிவிட்டான். ஆயினும் குற்றவாளி யார் என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

அந்தத் தொட்டியிற் சண்டை நடந்ததை எவரும் கண்டதில்லை. காயப்பட்ட மீனும் இல்லை. காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவே. சிங்கமீன் வேட்டையாடும் முறை அத்தகையது. பகலிற் பெரும்பாலும் பாறையிடுக்கிலே தலைகீழாகத் தங்கியிருக்கும். பொழுது சாயும் வேளையிற் புறப்படும். அகன்ற செட்டைகளை இருபுறமும் விரித்து, சிறுமீனை ஒரு மூலைக்கு ஒதுக்கும். சிலவேளை தன் வாயினின்றும் நீரை அதன்மேற் பீச்சும். நீரோட்டம் வருகிறதென்று எண்ணிச் சிறுமீன் முகத்தைத் திருப்புங்கணத்தில், கண்ணிமைப்பதற்குள் முழுதாக விழுங்கிவிடும். அதன் இரைப்பை வெறுமையான நிலையிலும் பார்க்க முப்பது மடங்குக்குமேல் விரியக்கூடியது என ஆய்வாளர் கண்டுள்ளனர். முதுகிலும் அடியிலுமாக அதற்குள்ள நச்சுமுட்கள் பதினெட்டும் தற்காப்புக்கே உரியன; இரைதேடுவதற்கு அவை பயன்படுவதில்லை.

ஆகவே, இம்மீனுக்கு உலகம் இரண்டே வகைப்படும். வாய்க்குள் அடங்குவது உணவு, அடங்காதது அயலவர். மூன்றங்குலமாய் இருந்த காலத்திற் கோமாளி மீன்கள் அதற்கு அயலவராயிருந்தன. அவை மாறவில்லை, அதன் குணமும் மாறவில்லை. வாய் மாத்திரமே வளர்ந்தது. கடையிற் சிறுகுஞ்சாய்க் காணப்படும் இம்மீன் ஏறக்குறைய பதினைந்து அங்குலம்வரை வளரக்கூடியது. நன்கு பேணினாற் பத்தாண்டுக்கு மேலும் வாழும். வாங்கும்போது இன்றைய உருவத்தைப் பார்த்து மகிழ்கிறோமேயன்றி, நாளைய உருவத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அங்ஙனமாயிற் பல மீன்கள் கூடிவாழும் தொட்டியில் இதற்கு இடமே இல்லையா? இடமுண்டு, ஆனால் தொட்டியை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும். ஏறக்குறைய 450 லீற்றர் நீராவது கொள்ளும் தொட்டி தேவை. உடன்வாழும் மீன்கள் அதன் வாய்க்கு அடங்காத பருமன் உடையனவாய் இருத்தல் வேண்டும். சிற்றிறால்களைச் சேர்த்தலாகாது. மறுபுறத்தில், கிளாத்தி இனத்து மீன்களையும் சேர்த்தலாகாது; அவை சிங்கமீனின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் குதறிவிடும். வேட்டைக்காரனுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

உணவு விடயத்திலும் கவனம் வேண்டும். தொடக்கத்திற் சிங்கமீன் அசையும் இரையையே நாடும். தங்கமீன் முதலிய நன்னீர் மீன்களை உயிரோடு வாங்கி இடுவது எளிது. ஆனால் அவற்றையே தொடர்ந்து உண்டால் அதன் ஈரலிற் கொழுப்புப் படிந்து நோய்வாய்ப்படும். இறால் துண்டையோ கடல்மீன் துண்டையோ நீண்ட குச்சியிற் செருகி, நீரில் மெல்ல அசைத்துக் காட்டினால், நாளடைவில் உயிரற்ற உணவையும் ஏற்கப் பழகும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை உணவிட்டாற் போதும். ஊனுண்ணும் மீனின் கழிவு மிகுதியாகையால் அமோனியாவும் மிகுதியாய்த் தோன்றும். பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னவை இரண்டும் மீனுக்கு நஞ்சு. எனவே வடிகட்டியைப் பேணுதலும், காலந்தவறாது ஒரு பகுதி நீரை மாற்றுதலும் இன்றியமையாதன.

குழந்தைகள் உள்ள வீட்டிலே தொட்டியின் மூடி இறுக்கமாய் இருக்கட்டும். முள் குத்தினால் வேதனை மிகக் கடுமையாகும். குத்திய இடத்தை, தோலைச் சுடாத அளவுக்கு, ஏறக்குறைய 45 பாகை செல்சியசு வெந்நீரில் அரைமணி நேரமேனும் அமிழ்த்தி வைத்தல் வேதனையைத் தணிக்கும். பின்னர் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இனி, கடலில் விட்டுவிடும் யோசனைக்கு வருவோம். நண்பர் அதனைக் கருணைச் செயலென்றே கருதினார். நாம் அவருக்கு அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் கதையைக் கூறினோம்.

சிங்கமீனின் தாயகம் இந்து சமுத்திரமும் பசுபிக்குச் சமுத்திரமுமாகும். அத்திலாந்திக்கில் முன்னர் அது வாழ்ந்ததில்லை. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் ஒன்று காணப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் வட கரோலினா, பெர்முடா ஆகிய இடங்களிலும், 2004இல் பஹாமாசிலும் தென்பட்டது. பின்னர் கரிபியன் கடலெங்கும் பரவியது. வீட்டுத் தொட்டிகளில் வளர்த்துச் சலித்தவர்கள் கடலில் விட்ட மீன்களே இதற்கு மூலமாயிருத்தல் வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. ஒரு பெண்மீன் ஆண்டொன்றில் இருபது இலட்சம் முட்டைவரை இடவல்லது. அக்கடலின் சிறுமீன்களோ இவ்வேட்டைக்காரனை முன்பின் அறியாதவை. பஹாமாசிலே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், சிங்கமீன் குடிபுகுந்த சிறு பாறைகளிற் புதிதாய் வந்துசேரும் இளமீன்களின் தொகை ஐந்து வாரத்தில் சராசரி 79 சதவீதம் குறைந்தமை தெரியவந்தது. நண்பரின் தொட்டியில் நிகழ்ந்ததே அங்கு ஒரு கடலில் நிகழ்ந்தது.

“நம் கடலிலே இம்மீன் இயல்பாகவே உள்ளதன்றோ?” என்றார் நண்பர். உண்மையே. ஆயினும் கடையில் வாங்கிய மீன் எக்கடலிற் பிடிபட்டதென்பதை நாம் எங்ஙனம் அறிவோம்? சிங்கமீன்களிலும் இனங்கள் பலவுண்டு. அன்றியும், தொட்டியிற் பற்றிய நோய் அதனோடு கடலுக்குச் செல்லலாம். குச்சியில் வந்த உணவை ஓராண்டாக உண்டு பழகிய மீனைத் திடீரென அலையில் விடுவது விடுதலையாகாது, கைவிடுதலேயாகும்.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் பலரிடம் விசாரித்து, பெரிய தொட்டியில் பெருமீன்களை வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்தார். மூன்று வாரம் கழித்துச் சிங்கமீன் அங்குக் குடிபெயர்ந்தது. புறப்படும் நாளிற் சிறுவன் அழுதான் என்று கேள்விப்பட்டோம். கெட்ட மீன் என்று தீர்ப்பளித்தவனும் அவனே.

அண்மையில் அத்தந்தையோடும் மகனோடும் மீன்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கண்ணைக் கவரும் வண்ணக்குஞ்சு ஒன்றைக் காட்டி விலை கூறினார். நண்பர் பணப்பையை எடுத்தார். சிறுவன் தந்தையின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கடைக்காரரைக் கேட்டான்:

“இது வளர்ந்தால் எவ்வளவு பெரிசாய் வரும்?”