பாட்டியின் குரலை எத்தனை துண்டாக வெட்டலாம்?

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. திண்ணையில் உட்கார்ந்து பாட்டி ஒரு தாலாட்டு பாடுறாங்க. சட்டென்று செல்போனை எடுத்து ரெக்கார்ட் பட்டனைத் தட்டுறீங்க. ஒரு நிமிஷம் பாஸ்! செட்டிங்ஸைப் பார்த்தீங்களா?

பாட்டியின் குரல், காற்றில் இடைவெளியே இல்லாமல் வரும் அலை. செல்போனுக்கோ எண்கள் மட்டும்தான் தெரியும். அதனால் அந்த அலையை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து குறித்துக்கொள்கிறது. இதுதான் சாம்ப்ளிங்.

எத்தனை முறை அளக்கணும்? ஒலியில் இருக்கும் அதிகபட்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஹாரி நைக்விஸ்ட் 1928-ல் அடிக்கல் போட, கிளாட் ஷானன் 1949-ல் நிரூபித்துக் காட்டிய விதி இது. நம் காது கேட்பது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் நொடிக்கு 44,100 சாம்பிள்கள்.

டிஜிட்டல் லேண்ட்லைனோ 8,000-த்தோடு நிறுத்திக்கொண்டது. சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை முதலிலேயே வடிகட்டிவிடும். 'எஸ்'ஸையும் 'எஃப்'பையும் பிரித்துக் காட்டும் உரசல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. போனில் 'எஸ் ஃபார் சுரேஷ்' என்று தொண்டை கிழியக் கத்தினோமே, காரணம் புரியுதா?

வடிகட்டாமல் விட்டால் இன்னும் வம்பு. 8,000 முறை மட்டும் அளந்தால், 7,000 ஹெர்ட்ஸ் ஒலி 1,000 ஹெர்ட்ஸ் வேஷம் போட்டு வந்து நிற்கும். இந்த ஆள்மாறாட்டத்துக்குப் பெயர் ஏலியாசிங். பரீட்சை ஹாலில் ஆள்மாறாட்டம் செய்தால்கூடப் பிடித்துவிடலாம். இங்கே எது அசல், எது போலி என்று பிறகு பிரிக்கவே முடியாது.

அடுத்து குவான்டைசேஷன். கடையில் பில் 47 ரூபாய் 30 காசு. '47 கொடுங்க, போதும்' என்கிறார் அண்ணாச்சி. கணக்கில் காணாமல்போன அந்த 30 காசுதான் குவான்டைசேஷன் எரர். அளந்த மதிப்பைப் பக்கத்துப் படிக்குத் தள்ளிவிடுவதால் வரும் பிழை. 8 பிட் என்றால் 256 படிகள். 16 பிட் என்றால் 65,536. ஒரு பிட் கூடினால் இரைச்சல் சுமார் 6 டெசிபல் குறையும். படிகள் போதாவிட்டால், பாட்டி மெல்ல முனகும் இடங்களில் 'கரகர' கேட்கும்.

அதனால் வேவ் ஃபைல், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வைங்க. மோனோவில் நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி.தான். லெவல் மீட்டர் சிவப்பைத் தொட வேண்டாம். தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். எம்பி3-யாகப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவாகாமல் போன குரலை எந்த சாஃப்ட்வேரும் அப்படியே திருப்பித் தராது.

திண்ணையில் பாட்டி எப்பவும் இருக்கப் போறதில்லை. செட்டிங்ஸை மாத்திட்டீங்களா? இப்போ இன்னொரு முறை பாடச் சொல்லுங்க!