தாயும் மகளும் உடல் பருமனும்



வெளியூரில் வேலை செய்யும் பெண் விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்தால், வாசலில் முதலில் கேட்கும் பேச்சு என்ன? "என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்டே, சோறு திங்கிறதில்லையா?" என்பதுதான். அதில் அன்பு இருக்கிறது. ஒரு பழைய பயமும் இருக்கிறது. 1941 இறுதி முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் முன்னோர். ஒட்டிய கன்னம் அவர்களுக்குப் பசியின் அடையாளம். பூசினாற்போன்ற உடம்பு வீட்டில் குறைவில்லை என்பதற்குச் சாட்சி. பசி போய்விட்டது, அந்தப் பார்வை மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

பாட்டிமார் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் விடியுமுன்பே பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமான நிரைகளில் நூற்றுக்கணக்கான கித்தா மரங்களை வெட்டி, பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள். பிற்பகலில் விறகு, தண்ணீர், கொல்லைக் காய்கறி என்று வேறு வேலை காத்திருக்கும். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தகும். பின்னாளில் பல தோட்டங்கள் விற்கப்பட்டன; குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. மகள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய், நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். முருங்கைக்கீரை பறிக்கக் கொல்லை இல்லை. படியிறங்கினால் ரொட்டி சானாய்க் கடை. சோற்றின் அளவு மட்டும் பாட்டி காலத்து அளவாகவே இருக்கிறது.

தேநீரையும் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று நாளுக்கு மூன்று குவளை குடித்தால், பன்னிரண்டு தேக்கரண்டிச் சீனி உள்ளே போகிறது. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன உச்ச வரம்பே ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் அது கூறியது.

பெண் வயதுக்கு வந்ததும் உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஊட்டுகிறோம். களியின் மேல் பழி போடுவது நியாயமில்லை. அது சில நாள் உணவு. அதன் பிறகு நடப்பதுதான் கேடு. "பெரிய பிள்ளையாகிவிட்டாய், ஓடாதே, குதிக்காதே" என்று விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். அண்ணன் திடலில் பந்து விளையாடுகிறான். தங்கை முறுக்கும் கையுமாக வீட்டுக்குள் இருக்கிறாள். அதே வீட்டில் அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, வீணாகிறதே என்று மீந்ததையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். மகள் அதையும் பார்த்துத்தான் வளர்கிறாள்.

2019ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் இருவரில் ஒருவர் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தார். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே பருமன் அதிகம். நம்மவர் உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும் இயல்புடையது. ஆகவே எடை அதிகமில்லாதவருக்கும் இனிப்பு நீர் வரக்கூடும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு இனிப்பு நீர் இருந்தால், பிறக்கும் குழந்தை பிற்காலத்தில் பருமனாகும் வாய்ப்பும் கூடுகிறது. இப்படி ஒரு தலைமுறையின் சுமை அடுத்ததின் தோளில் ஏறுகிறது.

இதற்காக மகளைக் "குண்டு" என்று கேலி செய்யாதீர்கள், தாய்மார்களே. கேலிக்கு அஞ்சி முன்னால் சாப்பிடாத பிள்ளை, ஒளிந்து சாப்பிடப் பழகும். அவளுக்கென்று தனிச் சமையலும் வேண்டாம். வீட்டில் அனைவருக்கும் சோற்றில் ஓர் அகப்பை குறைத்து, கீரையிலும் காயிலும் ஓர் அகப்பை கூட்டுங்கள். மாலையில் அவளோடு நீங்களும் நடங்கள். பெண் பிள்ளை தனியே வெளியே போவதா என்ற கவலையும் அதில் தீரும்.

தையல் நாடா ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இழுக்காமல், உங்கள் சுற்றளவை அளந்து பாருங்கள். வயது வந்த பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லை. அதைத் தாண்டியிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தில் சீனியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு இந்த எல்லை பொருந்தாது; அவளையும் உடன் அழைத்துப் போனால், வயதுக்கேற்ற எடையைத் தாதியே பார்த்துச் சொல்வார்.